சம்பளம் இல்லாத படிப்பும் பனித்திட்டுப் பெற்றோரின் கணக்கும்

வருஷந்தோறும் ஏப்ரல் 15-ந் தேதி கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஆரம்பமாகிறது. ஜூன் 14-ந் தேதி முடிகிறது. மொத்தம் 61 நாட்கள். மீன் இனம் பெருகட்டும் என்பதற்காகப் போட்ட தடை இது. விசைப் படகுகளும் இயந்திரம் பொருத்திய படகுகளும் அந்த நாட்களில் மணலில் ஏறிக் கிடக்கும். கட்டுமரத்துக்கு மட்டும் தடை கிடையாது என்பார்கள். ஆனால் கட்டுமரத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவரை இன்று விளக்கு வைத்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் போகும் சாலையில் கிருமாம்பாக்கம் வரும். அங்கே இறங்கிக் கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் பனித்திட்டு. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கடற்கரை ஊர். மேற்கே பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. கிழக்கே வலை காய்கிறது. பனித்திட்டும் அதன் பக்கத்துக் குப்பங்களும் வலை காயும் பக்கத்தைச் சேர்ந்தவை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன் மாதத்திலேதான். வரவு வற்றிய மாதமும் பிள்ளைகளின் செலவு முளைக்கும் மாதமும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. தடைக் காலத்துக்கென்று சர்க்கார் கொடுக்கும் நிவாரணத்தில் பலசரக்குக் கடைக்கும் தண்டல்காரருக்கும் போனது போக என்ன மிஞ்சும் என்பது கரையோரத்துத் தாய்மார்களுக்குத் தெரியும்.

"பள்ளிக்கூடத்தில்தான் சம்பளமே கிடையாதே, அப்புறம் என்ன செலவு?" என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்குக் கடற்கரைப் பெற்றோர் சொல்லும் பதில் ஒரு வார்த்தையில் முடிவதில்லை.

சம்பளம் கட்டிய காலம்

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பணத்துக்கும் சம்பளம் என்றுதான் பெயர். வாத்தியார் வாங்குவதும் சம்பளம். பிள்ளை கட்டுவதும் சம்பளம். சம்பளம் கட்டாத பிள்ளையை வகுப்பில் எழுந்து நிற்க வைத்த கதையைச் சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஊரார் செலவில் கல்விச்சாலை நடத்துவது பாகூர்ச் சீமைக்குப் புதிதல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூரில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. அதன் செலவுக்கென்று சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று ஊர்களைத் தானமாக விட்ட செய்தியைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்லுகின்றன. சமஸ்கிருதத்திலும் தமிழிலும் வெட்டிய செப்பேடுகள் அவை. படிப்புக்கு ஊரின் வருமானத்தையே ஒதுக்கினார்கள் என்பது பெருமைக்குரிய சங்கதிதான். ஆனால் அது வேதமும் சாஸ்திரமும் ஓதுகிறவர்களின் கல்விச்சாலை. சில கல் தொலைவில் வலை இழுத்தவனின் பிள்ளைக்கும் ஏரியின் கீழே நாற்று நட்டவளின் பிள்ளைக்கும் அந்த வாசற்படி எட்டவில்லை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் நிலைமை வேறு விதம். "செர்த்திபிக்கா வாங்கினவர்", "பிரவே முடித்தவர்" என்ற பட்டங்கள் ஊருக்கு ஒருவரிருவருக்கு இருக்கும். தபால் வந்தால் படித்துச் சொல்லவும் மனு எழுதவும் அவர்களைத் தேடிப் போவார்கள். 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறிய பிறகு, புதுச்சேரி தன் பக்கத்திலிருந்த சென்னை ராஜ்யத்தின் பாடத்தையும் பரீட்சையையும் ஒட்டியே நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னை ராஜ்யத்தில் காமராஜர் ஆட்சி. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொண்டவர் அவர். கல்வித் துறைக்கு இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. மதிய உணவுத் திட்டம் பரவியபோது ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசை சர்க்கார் கொடுத்தது. மீதி 4 காசை ஊர் போட வேண்டும். 1958-ல் செங்கற்பட்டு ஜில்லா கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம், பெஞ்சு, கரும்பலகை, மணி என்று ஜனங்கள் தந்தார்கள். பிறகு 1960-களின் முற்பாதியில், முதலில் ஏழைகளுக்கும் அப்புறம் எல்லோருக்குமாக, ஹைஸ்கூல் வரை சம்பளம் ரத்தாயிற்று.

அந்தத் தலைமுறைப் பெற்றோரின் மனநிலையைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் சர்க்காருடையது, ஆனால் 4 காசு தங்களுடையது. நாற்காலி தங்கள் வீட்டுத் தச்சன் செய்தது. ஆகவே வாத்தியார் வராவிட்டால் போய்க் கேட்கும் தைரியம் இருந்தது. இன்று எல்லாமே சர்க்கார் கொடுக்கிறது. நல்லதுதான். ஆனால் கேட்கும் பழக்கம் அந்த 4 காசோடு போய்விட்டதோ என்று தோன்றுகிறது.

சீர்திருத்தம் செய்தவருக்கு உடனே மாலை விழும் என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945-ல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக் கழகம் வரை இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அந்த நாட்டில் அவருக்கு "இலவசக் கல்வியின் தந்தை" என்றே பெயர். அப்படிப்பட்டவரை 1947 தேர்தலில் மத்துகம தொகுதி வாக்காளர்கள் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்!

கண்ணுக்குத் தெரியாத சம்பளம்

சரி, பனித்திட்டுக்குத் திரும்பலாம். சர்க்கார் பள்ளியில் சம்பளம் இல்லை, புத்தகத்துக்குக் காசு இல்லை. ஒரு ரூபாய்க்கு மாணவர்களை ஏற்றிச் சென்ற சிறப்புப் பஸ்களைப் புதுச்சேரி ஓட்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் பெற்றோர் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. நன்றியோடுதான் பேசுகிறார்கள்.

2025-ல் மத்திய சர்க்காரின் புள்ளியியல் துறை வெளியிட்ட கல்விச் செலவு ஆய்வு ஒன்று உண்டு. நாடு முழுதும் சராசரி பார்த்தால், சர்க்கார் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்காகக் குடும்பம் வருஷத்துக்கு 2,863 ரூபாய் செலவிடுகிறது. மற்றப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைக்கு 25,002 ரூபாய். கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. தனியாக டியூஷன் போகிற பிள்ளைகள் நூற்றுக்கு 27 பேர். அதாவது சம்பளமில்லாத பள்ளியிலும் செலவு பூஜ்யமல்ல. ஆனாலும் இந்த 2,863 ரூபாயைக் கண்டு பயந்து பிள்ளையை நிறுத்துகிற பெற்றோர் இன்று அபூர்வம். தாலிக் கயிற்றைத் தவிர மற்றதை அடகு வைத்தாவது படிக்க வைக்கிற ஜாதி நம் தாய்மார்கள்.

இந்த ஆய்வில் ஏறாத செலவு ஒன்று கடற்கரையில் இருக்கிறது. அது வயது.

கடலைக் கற்பதற்கும் ஒரு பருவம் உண்டு. மீசை முளைக்கும் வயதில் தகப்பனோடு படகில் ஏறிப் பழகியவனுக்குத்தான் வாடைக் காற்று எது, கச்சான் எது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீரின் நிறம் மாறினால் கீழே என்ன இருக்கும் என்பதெல்லாம் உடம்பில் ஊறும் என்று கரையில் சொல்வார்கள். பிடித்த மீனைப் பங்கு வைக்கும்போது படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். பையனும் ஏறினால் வீட்டுக்கு இன்னொரு பங்கு. ஹைஸ்கூலும் மேல்நிலைப் பள்ளியும் முடிக்கும்போது அவனுக்குப் பதினேழு, பதினெட்டு வயதாகிவிடுகிறது. தேறிக் கல்லூரிக்குப் போனால் குடும்பமே தலை நிமிரும். தேறாவிட்டால், அல்லது தேறியும் வேலை கிடைக்காவிட்டால்? அலையில் நிற்கும் கால் இல்லை. ஆபீசில் உட்காரும் சீட்டும் இல்லை. எஞ்சின் சத்தத்துக்கே தலை சுற்றுகிற பிள்ளையைப் பார்த்து, இவனை இரண்டுக்கும் ஆகாதவனாக்கி விட்டோமோ என்று தகப்பன் தனக்குள் புழுங்குகிறான்.

சம்பளமில்லாத ஹைஸ்கூலுக்குக் கடற்கரைக் குடும்பம் கட்டுகிற உண்மையான சம்பளம் இதுதான். ஆகவே அவர்கள் "இலவசமா?" என்று கேட்பதில்லை. "முடித்தால் என்ன கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைப் பேராசை என்று நினைப்பது தவறு. முதல் போட்டவன் கேட்கிற கேள்வி அது.

ராஜாஜி 1953-ல் சென்னை ராஜ்யத்தில் அரை நாள் பள்ளி, அரை நாள் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி ஜனங்கள் எதிர்த்தார்கள். 1954-ல் அது கைவிடப்பட்டது. தகப்பன் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப் போடக்கூடாது என்ற அந்த ஆத்திரம் சரியானதே. பனித்திட்டுத் தகப்பன்மாரிலும் பெரும்பாலோர் தங்கள் பிள்ளை கடலுக்கு வருவதை விரும்புவதில்லை. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்த கரை இது. கடலைப் பார்த்து வணங்குகிறவர்களே பிள்ளையை அதனிடம் விடத் தயங்குகிறார்கள்.

இங்கிலீஷ் மோகமா?

காலை வேளையில் குப்பத்துத் தெருமுனையில் தனியார் பள்ளியின் வேன் வந்து நிற்கும். கழுத்தில் டையோடு குழந்தைகள் ஏறும். தண்டல் வாங்கித்தான் அந்தச் சம்பளத்தைக் கட்டுகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். இதை இங்கிலீஷ் மோகம் என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிரிப்பு வராது.

பக்கத்து ஊரான நல்லவாட்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று இருந்தது. சுனாமி நாளன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் அபாயத்தைச் சொன்னார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஜனங்கள் ஓடித் தப்பினார்கள். அதே நிறுவனம் வீராம்பட்டினத்தில் வைத்த மையத்தில், அலை எத்தனை உயரம் எழும்பும் என்று அமெரிக்கக் கடற்படை வெளியிடும் தகவலை எடுத்துத் தமிழில் சொல்லி வந்தார்கள். எங்கோ இங்கிலீஷில் எழுதியிருப்பதை ஒருவர் படித்துச் சொன்னால், அன்றைக்குப் படகு இறக்கலாமா கூடாதா என்பது தெரிகிறது! இதைக் கண்ணால் பார்த்த கரை இது. படகில் திசைக் கருவி வந்துவிட்டது, அதிலும் இங்கிலீஷ். பாங்கிக் கடன் தாளிலும் இங்கிலீஷ். இந்த நிலையில் பெற்றோர் இங்கிலீஷைக் கேட்டால் அது அலங்காரத்துக்காக இல்லை.

புதுச்சேரி சர்க்கார் இந்த ஏக்கத்தைப் புரிந்துகொண்டதோ, வேன்களைக் கண்டு கலங்கியதோ, 2023-24-ல் தன் உயர்நிலைப் பள்ளிகளை சி.பி.எஸ்.இ. பாடத் திட்டத்துக்கு மாற்றியது. அதுவரை தமிழ்நாட்டுப் பாடநூலைப் படித்துத் தமிழ்நாட்டின் பொதுத் தேர்வை எழுதி வந்த பிள்ளைகள் அவை. தமிழின் இடம் என்ன ஆகும் என்று கட்சிகளும் ஆசிரியர்களும் வாதாடினார்கள். 2025-ல் புதிய பாடத்திட்டத்தில் முதல் பொதுத் தேர்வும் நடந்தது.

பெற்றோரின் அபிப்பிராயம் இதில் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. காசு கட்டிப் படிக்கிற பாடத்தைக் காசில்லாமல் கொடுக்கிறார்களே என்று ஒரு தரப்பு மகிழ்கிறது. இன்னொரு தரப்பின் கவலை வீட்டுக்குள்ளே இருக்கிறது. தமிழில் பாடம் இருந்தவரை எட்டாவது படித்த தாய், பையனை உட்கார வைத்துப் "படிடா, கேட்கிறேன்" என்று சொல்ல முடிந்தது. அவன் ஓர் இடத்தில் தடுக்கினால் அவளுக்குத் தெரிந்தது. இப்போது அவன் கையிலிருப்பது அவளுக்குப் பிடிபடாத புத்தகம். அவன் படிக்கிறானா, புத்தகத்தை வைத்துக்கொண்டு கனவு காண்கிறானா என்று அவளால் சொல்ல முடியாது. ஆகவே டியூஷன். சம்பளம் வேண்டாமென்று சர்க்கார் திருப்பிக் கொடுத்த காசு, சாயங்காலம் பின்வாசல் வழியாக வேறொருவருக்குப் போகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம்

புதுச்சேரியின் எல்லைக் கோடு வினோதமானது. பாகூரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் சீக்கிரம் கடலூர் ஜில்லா வந்துவிடும். பனித்திட்டுப் பெண்ணைக் கடலூர் பக்கத்துக் குப்பத்தில் கட்டிக் கொடுப்பதும், அங்கிருந்து இங்கே கொண்டுவருவதும் சாதாரணம். ஆகவே சம்பந்தி வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் இரண்டு சர்க்கார்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பெற்றோருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. புள்ளிவிவரம் தேவையில்லை; நாத்தனார் மகள் போதும்.

தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி அங்கே ஆரம்பமாயிற்று. நாத்தனார் மகளுக்குக் கிடைப்பது நம் மகளுக்கு ஏன் இல்லை என்ற பேச்சு அப்போது எழாமல் இருந்திருக்குமா? மருத்துவப் படிப்பில் சர்க்கார் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020-ல் கொண்டுவந்தது. புதுச்சேரி 2023-ல் 10 சதவீதம் கொடுத்தது. இந்தக் கணக்கில் இந்தப் பக்கம் ஒரு படி மேல்.

இந்த 10 சதவீதத்தைச் சின்ன விஷயமென்று ஒதுக்க முடியாது. பனித்திட்டுப் பிள்ளை மேல்படிப்புக்காகக் கடலூர் சாலையில் பஸ் ஏறினால், கிருமாம்பாக்கத்தில் ஆறுபடை வீடு மருத்துவக் கல்லூரியைப் பார்க்கிறாள். அதே சாலையில் பிள்ளையார்குப்பத்தில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியைப் பார்க்கிறாள். இரண்டும் தனியார் கல்லூரிகள். ஜுரம் வந்தால் உள்ளே போகத் தெரிந்த குடும்பத்துக்கு, படிக்க உள்ளே போவது என்பது நினைத்துப் பார்க்கவும் கூசுகிற சங்கதியாக இருந்தது. இப்போது, சர்க்கார் பள்ளியிலேயே படித்து நீட் பரீட்சையில் தேறினால் ஒரு சந்து திறந்திருக்கிறது. பிள்ளையை நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்தச் சந்து அடைபட்டுப் போகும். "வேனை நிறுத்திவிட்டு இங்கேயே விடலாமா?" என்று சில வீடுகளில் யோசனை ஆரம்பித்திருப்பதற்கு இது ஒரு காரணம். எத்தனையோ பிரசங்கங்கள் செய்யாததை ஓர் ஒதுக்கீடு செய்திருக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கவலை உண்டு. மேல் வகுப்புக்குப் பள்ளி தள்ளியிருந்தால், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பெண் எப்படி வீடு வந்து சேருவாள் என்பதுதான் தாயின் முதல் கேள்வி. பாடத் திட்டம் அப்புறம்தான். பஸ் ஒழுங்காக ஓடுகிற வருஷத்தில் பெண்கள் படிக்கிறார்கள். பஸ் நின்றால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள்.

பதினாலு வயது வரைதான்

அநேகம் பெற்றோருக்குத் தெரியாத சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையிலுள்ள பிள்ளைகளுக்குத்தான். எட்டாம் வகுப்பு வரை சம்பளமில்லாத படிப்பு உரிமை. ஒன்பதிலிருந்து அது அந்தந்த சர்க்காரின் நல்ல மனது. எந்த வயதில் கடல் தன் பக்கம் கூப்பிடத் தொடங்குகிறதோ, எந்த வயதில் பெண்ணுக்கு வரன் பேச ஆரம்பிக்கிறார்களோ, சரியாக அந்த வயதில் சட்டம் கையை விட்டுவிடுகிறது. ஹைஸ்கூலையும் உரிமையாக எழுதிவைத்தால் என்ன என்று கேட்க வேண்டியவர்கள் இந்தப் பெற்றோர்களே.

கேட்பதற்கு ஓர் இடமும் இருக்கிறது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வாத்தியார் இடம் காலியாகக் கிடக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தடுக்குகிற பிள்ளைக்குத் தமிழில் விளக்கிச் சொல்ல ஏற்பாடு உண்டா என்பதையெல்லாம் அங்கே கேட்கலாம். வேனில் அனுப்புகிற வசதியுள்ளவர் ஊரில் கொஞ்சம் குரல் உள்ளவர். அவர் பிள்ளையோடு வெளியேறிவிட்டால், பள்ளியில் மிஞ்சுவது அதிகாரியைக் கண்டால் எழுந்து நிற்கிறவர்களின் பிள்ளைகள்தான். அந்தக் குழுவில் உட்காரப் போகிறவர்களும் அவர்களே.

அவர்கள் உட்கார வேண்டுமானால் முதலில் நேரம் சரிப்பட வேண்டும். கூட்டங்களைப் பள்ளி நேரத்திலே, வாத்தியார்களுக்குத் தோதாக வைப்பதுதான் சுலபம். கரைக்குப் படகு வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, பஸ் பிடித்துச் சந்தைக்குப் போகிற தாய், விற்று முடித்து வீடு திரும்ப விளக்கு வைக்கிற நேரமாகிவிடும். கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்திலோ மாரியம்மன் கோயில் திண்ணையிலோ வைத்தால் அவள் வருவாள். கையில் மீன் வாசனை இருக்கும், கேள்வியும் இருக்கும்.